சாரலும் மண்டலமும் பார்த்து வைத்த நாள்: எல்லையோர நூலகம் ஒன்றின் நிகழ்ச்சிகள்

செங்கோட்டை வட்டாரத்து முழுநேரக் கிளை நூலகம் ஒன்று. நூலகர் ஒருவர், உதவிக்கு ஒருவர். ஒரு நீளக் கூடம், அதை ஒட்டிச் செய்தித்தாள் அறை, முன்னால் ஓட்டுத் தாழ்வாரம். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். கேரள எல்லையில் உள்ள புளியரைச் சாவடிக்குக் கிழக்கே இருக்கும் எந்த ஊர் நூலகத்துக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள், அறிக்கையும் மேலே போனது. ஆனால் புதிய உறுப்பினரும் ஏறவில்லை, இரவலும் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை, எதை மாற்றிய பிறகு ஏறியது என்பதை ஓராண்டுக்குப் பார்த்ததுதான் இந்த ஆய்வு.

காசு எங்கிருந்து, அதிகாரம் யாரிடம்

இது தெரியாமல் நிகழ்ச்சி பற்றிப் பேசிப் பயனில்லை. தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. நூல் வாங்குவது, ஊழியரை அமர்த்துவது எல்லாம் மேலிருந்துதான். கிளை நூலகரின் கையில் டீ வாங்கக்கூடத் தனிக் காசு கிடையாது. 1000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகிறவர்களின் தொகையும் ஆணைக்குழுக் கணக்குக்குத்தான் போகும். நிகழ்ச்சிச் செலவு முழுக்க, வாசகர்களே சேர்ந்து நடத்தும் குழுவான வாசகர் வட்டத்தின் தலையில்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் ஏற்பாடே வேறு. அங்கே கிரந்தசாலை என்று அழைக்கப்படும் நூலகங்கள் பெரும்பாலும் உறுப்பினர் சங்கங்கள். நிர்வாகக் குழுவை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மாநில லைப்ரரி கவுன்சில் தரம் பிரித்து மானியம் தருகிறது. தரம் போட வருகிறவர்கள் பாலவேதி (சிறுவர் மன்றம்) நடக்கிறதா, வனிதாவேதி (பெண்கள் மன்றம்) நடக்கிறதா என்று கேட்பார்கள். ஆக நிகழ்ச்சி நடத்தாத நூலகத்துக்கு அங்கே மானியத்தில் அடி விழும். இங்கே நிகழ்ச்சி நடத்தாத நூலகருக்கு எதுவும் ஆகாது, நடத்துகிறவருக்குத்தான் கைக்காசு போகும். கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி.என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் கிரந்தசாலா சங்கத்தைக் கூட்டியபோது செங்கோட்டையும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1க்குப் பிறகு ஊர் இந்தப் பக்கம் வந்தது, நூலக முறையும் மாறியது.

இந்த வேறுபாட்டைச் சொல்லக் காரணம் உண்டு. கேரளத்தைப் பார்த்து அப்படியே நடத்தலாம் என்று கிளம்பும் வாசகர் வட்டங்கள் முதல் ஆறு மாதத்தில் களைத்துவிடுகின்றன. அங்கே குழுவில் இருப்பவர்கள் செய்யும் வேலையை இங்கே மூன்று நான்கு பேர்தான் செய்ய வேண்டும். அதற்குத் தக்க அளவில்தான் திட்டம் போட முடியும்.

நூலக வாரம் ஏன் சறுக்கியது

தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. இந்த நூலகத்தில் ஆண்டின் பெரிய விழா அதுதான். இதைவிடப் பொருந்தாத வாரத்தை இந்த ஊருக்குத் தேடினாலும் கிடைக்காது. நவம்பர் 16 அல்லது 17இல் கார்த்திகை பிறக்கிறது. சபரிமலை மண்டல காலம் தொடங்கி, புளியரை வழியாக ஆரியங்காவு, புனலூர் போகும் வண்டிகள் ராப்பகலாக ஊரைக் கடக்கும். மண்டபங்களில் அன்னதானம், பஜனை. ஒலிபெருக்கிக்காரர், பந்தல்காரர், வாடகை நாற்காலி, வேன் எல்லாம் ஜனவரி நடுப்பகுதி வரை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை ஏறிக் கிடக்கும். போதாததற்கு வடகிழக்கு மழை. தாழ்வாரத்தில் போட்ட பந்தல் ஒரு சாயங்காலத்துக்குள் ஒழுகும்.

இத்தனைக்கும் நடுவே விழா எடுத்தால் என்ன நடக்கும்? அருகிலுள்ள பள்ளியிலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து உட்கார்த்துவார்கள். மேடையில் இருப்பவர் எல்லோரும் பேசி முடிக்க இரண்டு மணி நேரம். பொன்னாடை. பிள்ளைகள் வந்த வரிசையிலேயே திரும்பிப் போவார்கள், அலமாரிப் பக்கம் ஒரு பிள்ளையும் போகாது. செலவுச் சீட்டைப் பார்த்தால் பந்தல், நாற்காலி, மைக், பொன்னாடை, டீ-வடை என்று ஐந்து வரி. புத்தகத்துக்கு ஒரு வரியும் இல்லை.

வாரத்தை மாற்றும் அதிகாரம் கிளைக்குக் கிடையாது. அளவைச் சுருக்கலாம். சுருக்கினார்கள். 14ஆம் தேதி பள்ளி நேரத்திலேயே ஒரு வகுப்பு மட்டும், அதிகம் போனால் 40 பிள்ளைகள், மைக் இல்லாமல் உள்ளே. பிள்ளைகள் அலமாரியிலிருந்து தாங்களே ஒரு புத்தகம் எடுத்து, உட்கார்ந்து, இருபது நிமிடம் வாசித்துவிட்டு, உறுப்பினர் படிவத்தோடு வீட்டுக்குப் போனார்கள். வாரத்தின் நடுவில் ஒரு நாள் பழைய இதழ்க் கண்காட்சி, இருக்கிற மேசையிலேயே. கடைசி நாள் புரவலர்களுக்கு நன்றி, அரை மணி நேரம். பொன்னாடைக் காசில் சிறுவர் நூல் வாங்கினார்கள். இரண்டு பேருக்குக் கோபம்தான், மறுக்க முடியாது. உள்ளூரில் மேடை என்பது மரியாதைக் கணக்கு. அதைக் கணக்கில் எடுக்காமல் சீர்திருத்தம் பேசினால் அடுத்த ஆண்டு நன்கொடை வராது. அதனால் அவர்களை ஒவ்வொருவராக வேறு மாதங்களில், வேறு சிறு நிகழ்ச்சிகளுக்கு அழைத்தார்கள்.

ஊர் நாட்காட்டி

வாசகர் வட்டம் செய்த முதல் உருப்படியான வேலை ஒரு சார்ட்டில் 12 மாதத்தைக் கோடு போட்டு, எந்த மாதத்தில் ஊர் எங்கே இருக்கும் என்று எழுதியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல், குற்றாலம் சீசன். ஆட்டோ ஓட்டுபவர்கள், கடைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வார இறுதியில் கிடைக்கமாட்டார்கள். செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள், காலாண்டு விடுமுறை வேறு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை பெரிதாக எதுவும் கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் தேர்வுப் பிள்ளைகளுக்கு அமைதிதான் நிகழ்ச்சி. மே மாதம் இந்த ஊருக்கே உரிய ஒன்று நடக்கிறது. கொல்லத்திலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிற பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு இங்கே தாத்தா பாட்டி வீட்டுக்கு வருகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், வாசிப்பது மலையாளமோ ஆங்கிலமோதான்.

அந்தச் சார்ட் வந்த பிறகு விழாக்கள் குறைந்து கிழமைகள் கூடின. ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் என்று நடக்கிற நிகழ்ச்சியை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஞாயிறு காலை, மாதத்தின் மூன்றாம் சனி என்று நிலைத்துவிட்டால் அழைப்பிதழ் அச்சடிக்கும் வேலையே இல்லை.

ஞாயிறு கதை நேரம்

நேரம் 10.30 முதல் 11.15. அதற்கு முன் வைத்தால் சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகள் வரமாட்டார்கள், 11.30ஐத் தாண்டினால் வீட்டில் சாப்பாட்டுக்குத் தேடுவார்கள். இடம் மூன்று தடவை மாறியது. தாழ்வாரத்தில் சாரல் அடித்து ஜமுக்காளம் நனைந்தது. அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் பின்வரிசைக்குக் கதை கேட்கவில்லை. கடைசியில் செய்தித்தாள் அறை. அங்கே கூட்டம் காலை 8 முதல் 9.30 வரைதான், 10 மணிக்கு மேல் இரண்டு மூன்று பெரியவர்கள் இருந்தால் அதிகம். அவர்களுக்குக் கூடத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தால் முணுமுணுப்பு இல்லை. கதவைச் சாத்திவிட்டால் கூடத்தில் படிப்பவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை.

வயது 5 முதல் 9. இருபது பேருக்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கதை சொல்பவர் தரையில், சுவரில் முதுகு சாய்த்து, பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு. மைக் கூடாது. கதை 20 நிமிடம், படம் போடுவது 15 நிமிடம், மீதி பத்து நிமிடம் புத்தகம் தேர்ந்தெடுக்க. கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் அந்த ஞாயிறே வீண்.

மலையாளம் கலந்த பிள்ளைகளுக்கு முதலில் வரிக்கு வரி இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தார்கள். நேரம் இரட்டித்தது, இரண்டும் தெரிந்த பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். இந்த எல்லையில் பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டும் காதில் விழுந்து பழக்கம், மொழிபெயர்ப்பு அவர்களுக்குத் தேவையில்லை. பிறகு கதையைத் தமிழில் சொல்லி, ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் மலையாளம் பேசவைத்தார்கள். நரி தமிழ், காக்கா மலையாளம். காக்கா பேசும்போதெல்லாம் கொல்லத்துப் பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்லும். அதற்குமேல் எந்த உத்தியும் தேவைப்படவில்லை.

ஒரே கதை இரண்டு மொழியிலும் கையில் இருந்தால் நல்லது. நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா ஆகியவற்றின் படக்கதைகள் தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. ஏ4 தாளில் வண்ணத்தில் அச்சிட்டு நடுவில் பின் அடித்தால் போதும். லாமினேட் செய்ய வேண்டாம். சாரல் காலத்தில் ஓரம் பிரிந்து உள்ளே ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

கெடுப்பவை மூன்று. கதை முடிந்ததும் “இதிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?” என்று கேட்பது. பெற்றோர் பின்னால் நின்று போனில் படம் பிடிப்பது. மூன்றாவது, யாரும் யோசிக்காதது: பிள்ளை புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு “நீ உறுப்பினர் இல்லையே” என்று வாங்கி வைப்பது. படிவம், பசை, ஸ்டேப்ளர், முகவரிச் சான்றின் நகல் கொண்டுவரச் சொல்லும் துண்டுச்சீட்டு எல்லாம் வாசலில் ஒரு மேசையில் தயாராக இருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் வாசகர் வட்டத்தில் ஒருவர் தம் அட்டையில் எடுத்துக் கொடுத்து, அடுத்த வாரம் திருப்பி வாங்குவார். நூல் தொலைந்தால் அவர் பொறுப்பு. இது விதிப்படி சரியா என்று கேட்டால் நூலகர்கள் சிரிப்பார்கள்.

கூடத்தில் படிப்பவர்கள்

எந்தக் கிளை நூலகத்திலும் காலை 8 மணிக்கு வந்து இடம்பிடிப்பவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். நிகழ்ச்சி என்றாலே அவர்களுக்கு எரிச்சல். நியாயமும் அவர்கள் பக்கம்தான், நாள் முழுக்க நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அவர்களே. அவர்களை எதிர்த்து எந்த நிகழ்ச்சியும் நிலைக்காது. எனவே அவர்களுக்கென்றே ஒன்று: மாதத்தின் கடைசி ஞாயிறு பிற்பகல் மாதிரித் தேர்வு.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 முறைப்படி 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். கேள்வித்தாளைவிட, கட்டங்களைக் கருக்கி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாள்தான் முக்கியம். விடை தெரியாவிட்டால் ஐந்தாவதான E கட்டத்தைக் கருக்க வேண்டும், கடைசியில் எந்தக் கட்டத்தை எத்தனை கருக்கியிருக்கிறோம் என்று எண்ணி எழுத வேண்டும். வீட்டில் புத்தகத்தை வைத்துப் படிக்கிறவர்கள் இந்த எண்ணும் வேலையைப் பழகுவதே இல்லை. கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா, கைக்கடிகாரத்துக்குப் பதில் ஒரு சுவர்க்கடிகாரம், மேசைக்கு இருவர். விடைத்தாளைப் பக்கத்து மேசைக்காரர் திருத்துவார்.

எல்லைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மலைத்தோட்டக் குடும்பங்களிலிருந்து மலையாளப் பள்ளியில் படித்து வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். முதல் 100 கேள்வி தமிழ்த் தகுதிப் பகுதி, 150 மதிப்பெண். அதில் 40 விழுக்காடு, அதாவது 60 வாங்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கில் புலியாக இருந்தாலும் இதில் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குச் சனி மாலை ஒரு மணி நேரம், ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து. நடத்துபவர் அங்கேயே படிக்கும் இன்னொரு தேர்வர். சொல்லிக்கொடுப்பவருக்கும் அது பாடம்.

பழைய பத்திரம் வாசிக்கும் சனி

இந்த ஆய்வில் மிக அதிகமாகப் பேசத் தக்கது இதுதான். வேறு ஊர் நூலகங்களுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

1956க்கு முந்திய வீட்டு, நிலப் பத்திரங்கள் பல இங்கே மலையாளத்தில் இருக்கின்றன. பீரோவில் துணி சுற்றி வைத்திருப்பார்கள். தாத்தா வாசிப்பார், அப்பாவுக்கு அரைகுறை, பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. மாதத்தின் மூன்றாம் சனி காலை 10 முதல் 12 வரை, மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருவர் நூலகத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்வார்கள்.

ஒரு பத்திரத்துக்கு 30 முதல் 40 நிமிடம் பிடிக்கும். இரண்டு பேர், இரண்டு மணி நேரம், ஆறு டோக்கன். அதற்குமேல் கொடுத்தால் அவசரத்தில் தப்பும். மேசை கிழக்கு ஜன்னலோரம், விளக்கொளியைவிடப் பகல் வெளிச்சத்தில் மங்கிய மை நன்றாகத் தெரியும். மேசையில் வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் பத்திரம். ஈரமில்லாத சுத்தமான கை போதும், கையுறை வேண்டாம், கையுறையோடு மடிப்பைத் தொட்டால்தான் கிழியும். இறுகிய மடிப்பை அழுத்தி நீவக்கூடாது. செல்லோடேப் ஒட்டக்கூடாது. பேனா மேசைக்கே வரக்கூடாது, பென்சில் மட்டும். வாசிப்பவர் சொல்லச் சொல்ல ஓர் இளைஞர் தமிழில் எழுதுவார். தேதி, பத்திர வகை, எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், சர்வே எண், நான்கெல்லை, தொகை என்று ஏழு வரிகள் கொண்ட படிவம். முழு வாசகத்தையும் பெயர்க்க முயன்றால் நாள் போதாது.

வாசிப்பவர் ஏன் பெரியவராக இருக்க வேண்டும்? கேரளத்தில் 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்திய கூட்டெழுத்துகளில் இன்றைய பள்ளிப் பிள்ளைகள் தடுக்குகிறார்கள், அதிலும் கையெழுத்து என்றால் நின்றேவிடுகிறார்கள். மேசையில் அடிக்கடி கேட்பது இதுதான்:

“தாத்தா, இது ஒரு எழுத்தா, ரெண்டா?”

“ரெண்டும் சேந்தது. நீ எழுதாத, முதல்ல முழுசா கேளு.”

தேதிதான் பெரிய பொறி. பத்திரங்களில் கேரளத்து வழக்கப்படி கொல்லம் ஆண்டு இருக்கும். ஆண்டு பிறப்பது சிங்ஙம் ஒன்று, நம் ஆவணி. சிங்ஙம் முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825ஐ. சரிபார்க்க எல்லாருக்கும் தெரிந்த ஒரு தேதியைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம், கொல்லம் 1112 துலாம் (ஐப்பசி) 27, அதாவது 1936 நவம்பர் 12. அதே 1112இல் மேடம் (சித்திரை) மாதம் என்று இருந்தால் 1937. தனு (மார்கழி) மாதம் டிசம்பரிலும் ஜனவரியிலும் கால் வைத்திருப்பதால் நாளையும் பார்த்துத்தான் எதைக் கூட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். 824க்குப் பதில் 825 கூட்டி ஓராண்டு தள்ளிப்போன படிவத்தோடு அலுவலகத்துக்குப் போனால் பதிவேட்டில் ஆவணம் அகப்படாது. வந்தவர் நூலகத்தைத்தான் திட்டுவார்.

தகராறுக்கும் வாய்ப்பு உண்டு. நிலம் என்றாலே பங்காளி. அதனால் சில கட்டுப்பாடுகள்: மூலப் பத்திரமோ சான்றிட்ட நகலோ மட்டும், அதில் பெயர் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர் கையில் கொண்டுவந்தால் மட்டும். போன் படமும் ஜெராக்ஸும் ஏற்பதில்லை, பிறர் பத்திரத்தை வேவு பார்க்க அதுதான் வழி. மேசையில் படம் எடுக்கக்கூடாது. நூலகம் நகல் வைத்துக்கொள்ளாது. எழுதிய படிவத்தின் தலையில் ‘வாசிப்பு உதவி மட்டும், சான்று இல்லை’ என்று முத்திரை. பட்டா, உரிமை பற்றிக் கேட்டால் வாசிப்பவர் வாய் திறக்கக்கூடாது, சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வழி சொல்லி அனுப்பிவிடுவார். பத்திர எழுத்தர்களுக்குத் தொடக்கத்தில் இது பிடிக்கவில்லை. நூலகம் எந்த மனுவும் எழுதித் தராது என்று தெரிந்ததும் அவர்களே ஆள் அனுப்பத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் நூலக வேலையா என்று ஆணைக்குழு மட்டத்தில் கேட்கலாம். வாழ்நாளில் நூலக வாசலை மிதிக்காத அறுபது வயதுக்காரர்கள் உள்ளே வந்த நிகழ்ச்சி இது ஒன்றுதான். டோக்கனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதழ்களைப் புரட்டினார்கள், மலையாள நாளிதழ் ஏன் இல்லை என்று கேட்டார்கள். நாளிதழ்ப் பட்டியல் மேலிருந்து வருவதால் வாசகர் வட்டமே ஒரு மலையாள நாளிதழுக்குச் சந்தா கட்டியது.

ஜூன் 19

பணிக்கர் மறைந்த நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. அன்று அந்தப் பக்கத்து கிரந்தசாலை ஒன்றோடு சேர்ந்து இரண்டு மொழியிலும் வாசிப்பு வைத்தார்கள். சுமாராகத்தான் போனது. பள்ளி திறந்த புதிது, சாரல் வேறு. ஆனால் ஒரு பாடம் கிடைத்தது. இரண்டு நூலகங்களுக்கு இடையே நூல் மாற்றிக்கொள்ள முறை எதுவும் இல்லை, முத்திரை குத்திப் பதிவெண் ஏறிய நூல் மாநிலம் தாண்டினால் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது. ஆகவே மாற்றிக்கொண்டவை உறுப்பினர்களின் சொந்த நூல்கள். தனிக் குறிப்பேட்டில் கொடுத்தவர், வாங்கியவர், திருப்பும் நாள். இருபது நூல்கள் உள்ள ஒரு பெட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை புனலூர் ரயிலில் போய் வருகிறது.

எதை எண்ணுவது

நிகழ்ச்சிப் பதிவேட்டில் முன்பு ஒரே எண்தான் இருந்தது, ‘கலந்துகொண்டோர்’. படம் எடுக்கும் நேரத்தில் எண்ணியது, தெருவில் போனவரும் அதில் சேர்ந்திருப்பார். இப்போது நான்கு எண்கள். தொடங்கிப் பதினைந்தாம் நிமிடத்தில் இருந்தவர்கள், அவர்களில் முதல் முறை வந்தவர்கள், அன்றே நூல் எடுத்தவர்கள், ஒரு மாதத்துக்குள் மறுபடி வந்து எடுத்தவர்கள். நான்காவது எண்ணுக்காக உறுப்பினர் படிவத்தின் மூலையில் பென்சிலால் ஒரு எழுத்து: கதைக்கு க, தேர்வுக்கு தே, பத்திரத்துக்கு ப. மாதக் கடைசியில் இரவல் பதிவேட்டோடு ஒப்பிட அரை மணி நேரம் ஆகும். விழா நாட்களின் நான்காவது எண் சுழியத்தை ஒட்டியே கிடக்கிறது. கதை நேரத்துக்குத்தான் அது ஏறுகிறது. பத்திரக்காரர்கள் நூல் எடுப்பதில்லை, ஆனால் பேரனோடு வந்து கதை நேரத்தில் விடுகிறார்கள். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு நூலகரின் ஒத்துழைப்பில் நிற்கிறது, மாறுதல் உத்தரவு எப்போது வேண்டுமானாலும் வரும். அதற்காக ஒரு கோப்பு தயாராக இருக்கிறது. அதில் 12 மாதச் சார்ட்டின் நகல், டோக்கன் வடிவம், பத்திரப் படிவமும் முத்திரையும், மாதிரித் தேர்வுக்கு அச்சகத்தில் கொடுக்கும் தாள் அளவு, கதை சொல்பவர்கள் வரமுடியாத ஞாயிறுகள், செய்தித்தாள் அறைச் சாவி யாரிடம் என்பது. பெட்டி நூல்களின் குறிப்பேடு மட்டும் கோப்பில் இல்லை. அது வாசகர் வட்டச் செயலாளர் வீட்டில் இருக்கும், நூலகக் கணக்கில் அது வரக்கூடாது.